கோபுரத்துக்கு அடியில் மெக்சிகோ

மெக்சிகோவின் வடக்கே, பாதிப் பாலைவனமான மேட்டு நிலத்தில் சகாதேகாஸ் என்று ஒரு ஊர். 1752-ல் கட்டி முடித்த இளஞ்சிவப்புக் கல் தேவாலயம், ரஃபேல் கொரோனல் அருங்காட்சியகத்தில் ஆயிரக்கணக்கான முகமூடிகள் என்று பார்க்க நிறைய உண்டு. மந்தைவெளியிலிருந்து அவ்வளவு தூரம் யார் போறது? ஆனா அந்த ஊர்ப் பக்கத்துச் சரக்கு நம்ம ஊருக்கு எப்பவோ வந்துவிட்டது.

1546-ல் சகாதேகாஸில் வெள்ளி கண்டுபிடித்தார்கள். தாதுவைப் பொடித்து, பாதரசம் கலந்து சேறாக மிதித்துத்தான் வெள்ளியைப் பிரிப்பார்கள். மிதித்த கூலிகளின் உடம்பு அந்த விஷத்தில் கெட்டது. சுற்றுவட்டார மரமெல்லாம் உலைக்குப் போனது. இன்றைக்கு அங்கே தெரியும் பொட்டலில் மனுஷன் கைவரிசையும் உண்டு.

மெக்சிகோ வெள்ளி அகபுல்கோவில் கப்பலேறி மணிலா வந்தது. 1565-லிருந்து 1815 வரை, இரண்டரை நூற்றாண்டு ஓடிய கப்பல் வழி இது. மணிலாவில் சோழமண்டலத் துணிக்கு நல்ல கிராக்கி. ஆனால் ஆங்கிலேயரை ஸ்பானியர்கள் அங்கே வியாபாரம் செய்ய விடவில்லை. மெட்ராஸ் வெள்ளைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஆர்மீனியர்கள் பேரில் கப்பல் விட்டார்கள். ஊரறிந்த ரகசியம்தான்!

அந்த மணிலா வியாபாரத்தில் பெரிய கை, கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனியர். 1726-ல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டியவர் இவர். பரங்கிமலைப் படிகளும் இவர் உபயம். பழைய பாலம் போய் மறைமலை அடிகள் பாலம் வந்துவிட்டது. கிண்டிக்கு பஸ்ஸில் போகிற நாம் யாரும் உஸ்கானை நினைப்பதில்லை.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது ஒரு காசு. 1807-08 வாக்கில் கும்பெனி மெட்ராஸில் வெள்ளி அரை வராகன் அடித்தது. ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் விஷ்ணு, சுற்றித் தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து. புதுசாக வெள்ளி உருக்க நேரமில்லையோ என்னவோ, ஸ்பானிய டாலர் மேலேயே முத்திரை குத்தினார்கள். அதனால் சில காசுகளைச் சாய்த்துப் பார்த்தால் பழைய அச்சின் வரிகள் கோபுரத்துக்கு அடியில் மங்கலாகத் தெரியும்.

கும்பெனி போயாச்சு, வராகனும் போயாச்சு. சாம்பாரில் மிளகாய் இருக்கிறது. அதுவும் மெக்சிகோ மண்ணில் பிறந்ததுதான், போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது. மிளகு மாதிரி காரமா இருக்கிற காய் என்று நாமே பேர் வைத்துக்கொண்டோம். சப்போட்டா பழம் மட்டும் சொந்தப் பேரோடு வந்தது. அஸ்டெக்குகளின் நாவாட்டில் மொழியில் அது ‘ட்ஸபோட்ல்’.