ஒரே மண்டபத்தில் இரு தீர்மானங்கள்: பிரித்தானிய வாக்காளரும் சமதர்மமும்

இலண்டன் மாநகரில், பாராளுமன்றத்துக்கு அண்மையில், மத்திய மண்டபம் என்னும் மெதடிஸ்த ஆலயக் கட்டடம் உள்ளது. பிரித்தானியத் தொழிற்கட்சி 1918 பிப்ரவரியில் அங்குக் கூடித் தன் அமைப்பு விதிகளை ஏற்றது. உற்பத்திச் சாதனங்கள் பொதுவுடைமையாதல் வேண்டும் என்பது அவற்றுள் நான்காம் விதியின் சாரம். 1995 ஏப்ரலில் அதே கட்சி அதே மண்டபத்தில் கூடி அவ்விதியை நீக்கி, சந்தைப் பொருளாதாரத்துக்கு இடமளிக்கும் புதுவிதியை அமைத்தது. பிரித்தானிய மக்கள் சமதர்மத்தை நம்பினர், பின்னர் கைவிட்டனர் என்று இவ்விரு நிகழ்ச்சிகளைக் கொண்டு முடிவு செய்வோர் உண்டு. வாக்காளரின் வரலாறு அத்துணை எளிதன்று. அவ்வரலாற்றில் திருச்சபை வாய்திறந்த இரு தருணங்களையும் உடன்வைத்து நோக்குவோம்.

தொழிற்கட்சி மார்க்ஸைவிட மெதடிஸ்த சபைக்கே மிகுதியும் கடன்பட்டது என்பர். சற்று மிகையான கூற்றே. ஆயினும் சுரங்கத் தொழிலாளர் பலர் மேடையில் பேசவும், கூட்டத்துக்குத் தலைமை தாங்கவும், சந்தாக் கணக்கு எழுதவும் சிற்றாலயங்களிலேதான் கற்றனர். 1892இல் பாராளுமன்றம் புகுந்த கெயர் ஹார்டியும் பிரசங்கம் செய்து பழகியவரே.

எனினும் 1945 வரை அக்கட்சிக்குத் தனிப்பெரும்பான்மை கிட்டவில்லை. 1930களின் தொடக்கத்தில் வேலையற்றோர் தொகை ஏறத்தாழ 30 லட்சத்தை எட்டியது. பின்னர் போர் வந்தது. அரசு திட்டமிட்டது, உணவைப் பங்கிட்டது, வேலையின்மை ஏறக்குறைய மறைந்தது. போருக்காகச் செய்ய முடிந்ததைச் சமாதான காலத்தில் ஏன் செய்யலாகாது என்று மக்கள் வினவினர். 1942 டிசம்பரில் வெளியான பெவரிட்ஜ் அறிக்கையை அவர்கள் வரிசையில் நின்று வாங்கினர். அவ்வாண்டு காண்டர்பரிப் பேராயரான வில்லியம் டெம்பிள் ‘கிறிஸ்தவமும் சமுதாய ஒழுங்கும்’ என்னும் சிறுநூலை வெளியிட்டார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றன. யோவான் நற்செய்தி பற்றிய நூலின் வழியாக மட்டுமே டெம்பிளை அறிந்த போதகர்கள் இதனையும் படித்தல் நலம். திருச்சபை அறிவிக்க வேண்டியவை கோட்பாடுகள். அவற்றைச் சட்டமும் திட்டமுமாக்குவது குடிமக்களின் பணி என்று அவர் பிரித்துக் காட்டினார். தம் சொந்த யோசனைகளைப் பிற்சேர்க்கையில் தனியே வைத்தார். பேராயர் ஒருவரிடம் அந்த அடக்கம் அரிது.

டெம்பிள் 1944இல் மறைந்தார். மறு ஆண்டுத் தேர்தலில் தொழிற்கட்சி 393 இடங்களை வென்றது. சுரங்கங்களும் இருப்புப்பாதைகளும் தேசியவுடைமையாயின. 1948 ஜூலை 5இல் தேசிய சுகாதாரப் பணி தொடங்கியது. மக்கள் அப்போது ஒரு கோட்பாட்டைத் தழுவினர் என்று சொல்ல நாம் தயங்குகிறோம். அவர்கள் அஞ்சியது வேலையிழப்புக்கும் மருத்துவச் செலவுக்கும். வாக்களித்தது அவ்வச்சம் நீங்குவதற்கு. 1951இல் தொழிற்கட்சி எதிர்க்கட்சியைவிட அதிக வாக்குகள் பெற்றும் ஆட்சியிழந்தது. ஆட்சியேற்ற பழமைக் கட்சியோ எஃகுத் தொழிலைத் தனியாருக்குத் திருப்பியதேயன்றிச் சுரங்கத்தையும் மருத்துவமனையையும் தொடவில்லை.

மனமாற்றம் 1970களில் வந்தது. விலைவாசி ஏறியது, வேலைநிறுத்தங்கள் பெருகின. 1979 ஜனவரியில் லிவர்பூலில் கல்லறை வெட்டுவோரும் வேலைநிறுத்தம் செய்தமையால் பிரேதங்கள் அடக்கமின்றிக் கிடந்தன. அடக்க ஆராதனை நடத்தும் நமக்கு அதன் துயரத்தை விளக்க வேண்டுவதில்லை. அவ்வாண்டு மே மாதம் மார்கரெட் தாட்சர் வென்றார். 1980இன் வீட்டுவசதிச் சட்டம், நகராட்சி வீடுகளில் குடியிருந்தோர் அவற்றைக் குறைந்த விலைக்கு வாங்க வழி செய்தது. பத்தாண்டுகளுக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கைமாறின. தொலைபேசியும் எரிவாயுவும் தனியாருக்கு விற்கப்பட்டன. எனினும் மும்முறை வென்ற தாட்சரின் கட்சி ஒருமுறையும் வாக்குகளில் பாதியைப் பெறவில்லை. நலப்பணிகளுக்காக வரியை உயர்த்தலாம் என்றோர் 1983இன் சமூக மனப்பான்மை ஆய்வில் மூன்றிலொரு பங்கினர். 1990களின் தொடக்கத்தில் அவர்கள் பாதிக்கும் மேலாயினர். வீட்டை வாங்கியவரும் மருத்துவமனையை விற்க இசையவில்லை.

இச்சூழலில் திருச்சபை மீண்டும் பேசியது. பேராயர் ராபர்ட் ரன்சி அமைத்த குழு 1985 டிசம்பரில் ‘நகரத்தில் விசுவாசம்’ என்னும் அறிக்கையை வெளியிட்டது. அமைச்சர் ஒருவர் அதனை மார்க்சியம் என்று இகழ்ந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. அதன் 61 பரிந்துரைகளில் 38 திருச்சபையை நோக்கியவை என்பதைக் கூச்சலில் பலர் கவனிக்கவில்லை. 1988 மே மாதம் எடின்பரோவில் ஸ்காத்லாந்துத் திருச்சபையின் பொதுப்பேரவையில் தாட்சர் உரையாற்றி, வேலை செய்ய மனதில்லாதவனைப் பற்றிய பவுலின் சொல்லை (2 தெச. 3:10) எடுத்துக்காட்டினார். உரை முடிந்ததும் பேரவைத் தலைவர், வறுமையையும் வீட்டுவசதியையும் பற்றிய திருச்சபை அறிக்கைகளை அவர் கையில் கொடுத்தார்!

டெம்பிளுக்குச் செவிகொடுத்த நாடு ரன்சியின் குழுவுக்கு ஏன் செவிகொடுக்கவில்லை? பின்னவரின் இறையியல் குறைந்தது என்று நாம் கருதவில்லை. 1942இல் வேலையின்மை பெரும்பான்மையோரின் அச்சம். 1985இல் அது சிறுபான்மையோரின் விதி. வேலையற்றோர் மீண்டும் 30 லட்சத்தைக் கடந்திருந்தனர். ஆயினும் 1987 தேர்தலில் அவர்கள் தொகை ஆட்சியை மாற்றப் போதவில்லை. ஏழைகளுக்காகப் பேசுவது ஒரு தலைமுறையில் மக்களின் குரலாயிருந்தது. அடுத்த தலைமுறையில் அவர்களுக்கு எரிச்சலூட்டியது. வாக்கு எண்ணிக்கையைத் தன் சாட்சிக்குத் துணையாகக் கொள்ளும் சபை இவ்விடத்தில் தடுமாறும்.

நான்காம் விதி நீங்கிய பின், 1997இல் தொழிற்கட்சி 418 இடங்களுடன் ஆட்சிக்கு வந்தது. விற்கப்பட்ட இருப்புப்பாதைச் சேவைகளை அது திரும்பப் பெறவில்லை. பொதுவுடைமையை மீண்டும் வாக்களித்த ஜெரமி கார்பின் 2017இல் 40 விழுக்காடு வாக்குப் பெற்றார், 2019இல் படுதோல்வியுற்றார். 2024இலோ, பழைய விதியைப் பற்றி ஒரு சொல்லும் பேசாத தொழிற்கட்சி அரசு, பயணி இரயில் சேவைகளைப் பொதுவுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. பெரிய எதிர்ப்பு எதுவும் எழவில்லை.