கற்பித்தலும் சிகிச்சையும்: சென்னை அரசு பொது மருத்துவமனையை முன்வைத்து

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனையின் வரலாற்றை எழுதுவோர் 1664ஆம் ஆண்டையே பெருமையுடன் முன்வைப்பது வழக்கம். ஆனால் அவ்வாண்டில் எட்வர்ட் விண்டர் புனித ஜார்ஜ் கோட்டையில் தொடங்கியது, கிழக்கிந்தியக் கம்பெனியின் நோயுற்ற படைவீரர்களுக்கான சிறு மருத்துவமனைதான். 1772இல் கோட்டைக்கு வெளியே இப்போதைய இடத்துக்கு வந்தபோதும் அதன் இயல்பு பெரிதாக மாறிவிடவில்லை. மாற்றத்தின் தொடக்கம் 1835 பிப்ரவரியில் இங்கு உருவான மருத்துவப் பள்ளி என்பதே என் வாதம். 1850இல் அப்பள்ளி சென்னை மருத்துவக் கல்லூரியாயிற்று. பள்ளியைத் தொடங்கியதிலும் படையின் தேவை இருந்தது உண்மை. ஆயினும் படை மருத்துவமனைக்குப் படைவீரனின் நோய் தெரிந்தால் போதும். மருத்துவம் கற்பிக்கும் இடத்துக்கோ பிரசவம், குழந்தை நோய், முதுமை அனைத்தும் தெரிந்தாக வேண்டும். கற்பிக்கும் கடமைதான் பொதுமக்களின் நோயை இந்நிறுவனத்தின் அக்கறையாக்கியது.

இதற்கு வலுவான சான்று பெண்கல்வி. ஆண் மருத்துவரிடம் காட்டத் தயங்கிப் பெண்கள் பிரசவத்தில் துன்புற்ற காலத்தில், 1875இல் இக்கல்லூரி மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. லண்டனில் மேற்படிப்பு முடித்துத் திரும்பிய ஷார்லீப்பின் முயற்சியால் 1885இல் பெண்களுக்கென எழுந்த மருத்துவமனையே இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. 1912இல் இங்கே பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவினார். வகுப்பறையில் திறந்த கதவு நகரின் வேறு இடங்களில் சிகிச்சையாக விளைந்தது.

ஏழை நோயாளி இங்கே பாடப்பொருளாகிறார் என்ற மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. கட்டிலைச் சுற்றிப் பத்து மாணவர்கள் நிற்க, திரைகூட இல்லாமல் ஒருவரின் வயிற்றைத் தொட்டுப் பாடம் நடத்துவது கண்ணியக் குறைவு. சம்மதம் கேட்பது சலுகையன்று, கடமை. ஆனால் அக்குறை கற்பிக்கும் முறையைச் சார்ந்தது. அதே காலை ரவுண்ட்ஸில் நடக்கும் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். முதுநிலை மாணவர் கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நோயின் போக்கைச் சொல்கிறார். உதவிப் பேராசிரியர் குறுக்கிடுகிறார். யூனிட் தலைவர் தானே கை வைத்துப் பார்த்த பிறகு மருந்து மாறுகிறது. காசு கொடுக்க இயலாத ஒருவரின் நோயைப் பலர் தனித்தனியே எடைபோடும் ஏற்பாடு இது. நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு வருபவரை முதலில் பார்ப்பவர்களும் பெரும்பாலும் பயிற்சி மருத்துவர்களும் முதுநிலை மாணவர்களுமே. அனுபவம் குறைந்தவர்கள் என்று அவர்களை விலக்குவதைவிட, மூத்த மருத்துவர் அந்நேரமும் அருகில் இருப்பதை உறுதிசெய்வதே சரியான தீர்வு.

மாவட்டந்தோறும் மருத்துவக் கல்லூரி வந்துகொண்டிருக்கும்போது இந்தப் பெரிய மருத்துவமனை எதற்கு என்றும் கேட்கிறார்கள். அக்கல்லூரிகளுக்கு ஆசிரியர்கள் எங்கிருந்து வருவார்கள்? ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணியாற்றும் அரசு மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் தமிழகம் இடஒதுக்கீடு அளிக்கிறது; இத்தகைய ஒதுக்கீட்டுக்கு மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டென்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. சிக்கலான நோய்கள் வந்து குவியும் இடத்தில் பயின்று அவர்கள் மீண்டும் அரசுப் பணிக்குச் செல்வதால், இங்கே கற்ற சிகிச்சை சிற்றூருக்கும் போய்ச் சேர்கிறது. ஆகவே இம்மருத்துவமனைக்கு நிதி ஒதுக்குவோர் படுக்கைகளையும் கட்டடங்களையும் மட்டும் கணக்கில் கொள்ளாமல், ஆசிரியர் பணியிடங்களைக் காலியாக விடாமல் நிரப்ப வேண்டும்.