வயலில் பிறந்த குரல்: கொல்லங்குடி கருப்பாயி

வரலாறு என்றதும் மன்னர்களும் போர்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. நாற்று நட்ட பெண்ணுக்கும் பால்மரம் வெட்டிய பெண்ணுக்கும் வரலாறு இல்லையா? உண்டு. அதை அவர்கள் ஏட்டில் எழுதவில்லை, பாட்டில் வைத்தார்கள். அவ்வாறு பாட்டில் வைத்த ஒரு பெண்மணியைப் பற்றி இன்று காண்போம்.

தமிழ்நாட்டில், சிவகங்கைச் சீமையில் உள்ள சிற்றூர் கொல்லங்குடி. அவ்வூர்க் கருப்பாயி அம்மையார் இசைப்பள்ளியில் பயின்றவர் அல்லர். வயலும் வரப்பும், திருவிழாவும் துக்க வீடுமே நாட்டுப்புறப் பாட்டுக்குப் பள்ளிக்கூடம். தாலாட்டு, நடவுப்பாட்டு, கும்மி, ஒப்பாரி என்று பிறப்பு முதல் இறப்பு வரை அங்கே பாட்டு உண்டு. ஆனால், வயலில் பாடும் பெண்ணைப் பாடகி என்று அழைக்கும் வழக்கம் அந்நாளில் இல்லை. மேடையும் இசைத்தட்டும் கர்நாடக இசைக்கும் நாடகப் பாட்டுக்கும் உரியனவாக இருந்தன.

அந்தத் தடையைத் தாண்ட வானொலி துணை செய்தது. அகில இந்திய வானொலியில் கருப்பாயி அம்மையார் பாடினார். 1985-இல் வெளிவந்த ‘ஆண் பாவம்’ திரைப்படத்தில், அறுபதை நெருங்கிய வயதில் பாட்டியாக நடித்துத் தம் சொந்தக் குரலில் பாடவும் செய்தார். 1993-இல் தமிழக அரசு கலைமாமணி விருது வழங்கியது. 2025 ஜூன் மாதம், தம் 99-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

அவருக்குப் பின் பரவை முனியம்மா 2003-இல் ‘தூள்’ படத்தின் வழியே புகழ் பெற்றார். நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டிப் பாடிய பேராசிரியை விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனுக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

பிற நாட்டிலும் இதுபோல் நடந்ததுண்டு. 1927 ஆகஸ்டு மாதம், அமெரிக்காவின் பிரிஸ்டல் நகரில் சாரா கார்ட்டர், மேபெல் கார்ட்டர் என்னும் மலைநாட்டுப் பெண்கள் இருவர் இசைத்தட்டுக்குப் பாடினர். உடன் இருந்த சாராவின் கணவர் ஏ. பி. கார்ட்டர், ஊர் ஊராகச் சென்று பழம்பாடல்களைத் திரட்டியவர். அவர் திரட்டியிராவிட்டால், அவற்றுள் பல பாடியவர்களோடே மறைந்திருக்கும்.

நேயர்களே, இனி நம் தோட்டங்களுக்கு வருவோம். கோல சிலாங்கூர்ப் பகுதியில் உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்தது. இவ்வட்டாரக் காடுகளிலே மங்கும் வாளியும் தூக்கிய நம் பாட்டிமார், தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து பாட்டையும் கொண்டு வந்தவர்கள். ஆயாக் கொட்டகையில் தாலாட்டுப் பாடினார்கள். லயத்தில் ஒப்பாரி வைத்தார்கள். கங்காணியின் கண்டிப்பும் கப்பல் பயணத்தின் துயரும் அப்பாட்டுகளில் கலந்தன. வேலைப்பாட்டு வேலையோடு வாழ்வது. ரப்பர் போய்ச் செம்பனை பெருகிப் பல லயங்கள் காலியானபோது, பாட்டும் ஒலி குறைந்தது.

இதில் நாமும் தவறியிருக்கிறோம். நம் மாணவி ஒருத்தியின் பாட்டி, கப்பலில் வந்த தாயிடம் கற்ற தாலாட்டு ஒன்றைப் பள்ளி விழாவில் பாடினார். “அடுத்த வாரம் எழுதிக்கொள்கிறோம், பாட்டி” என்றோம். “நான் எங்கேயம்மா போகப்போகிறேன்?” என்று சிரித்தார். தேர்வு வேலையில் அந்த வாரம் தள்ளிப்போயிற்று. பிறகு நாம் அவர் வீட்டுக்குச் சென்றது மாலையோடுதான். அவர் பேத்திக்கு முதல் இரண்டு அடிகள் மட்டுமே நினைவில் இருந்தன.

ஆகவே, மாணவர்களே, இன்று மாலையே பாட்டியிடம் அமருங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள், குறிப்பேட்டில் எழுதுங்கள். யாரிடம் கற்றார், எந்தத் தோட்டத்தில் பாடினார், எந்த வேலைக்குப் பாடினார் என்பதையும் கேட்டுக் குறியுங்கள். கருப்பாயி அம்மையாரின் குரலை வானொலி காத்தது. நம் வீட்டுக் கருப்பாயிகளின் குரலைக் காக்க வேண்டியவர்கள் நாமே.