தீயைப் பறித்த சட்டம்

சோளகர் என்றதும் நம் தோழர்கள் பலருக்கு நினைவுக்கு வருவது ச.பாலமுருகனின் 'சோளகர் தொட்டி'. வீரப்பன் வேட்டை என்ற பெயரில் அந்த மக்கள் மீது நடந்த வதைகளின் கதை. அதற்கு நூறு ஆண்டுக்கு முன்பே தொடங்கிய இன்னொரு பறிப்பு உண்டு. அதில் லத்தி கிடையாது, சட்டப் புத்தகம் மட்டும்தான். பழங்குடிகள் காலநிலை மாற்றத்துக்குத் 'தகவமைத்துக்கொள்ள வேண்டும்' என்று கருத்தரங்குகளில் பாடம் எடுப்பவர்கள் இந்த வரலாற்றைத் தொடுவதே இல்லை.

சத்தியமங்கலம் காடுகளுக்கு வடக்கே, கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது பிலிகிரி ரங்கன் மலை. அங்கே இவர்கள் பெயர் சோலிகர். எல்லைக்கோடு நாம் போட்டது, மக்கள் ஒன்றுதான். மலையின் கிழக்கிலுள்ள கொள்ளேகால் வட்டம் 1956 வரை கோவை மாவட்டத்தில்தான் இருந்தது. எனவே 1882ஆம் ஆண்டின் மெட்ராஸ் வனச் சட்டம் இங்கும் பாய்ந்தது. காடு அரசின் சொத்தானது, அதில் வாழ்ந்தவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள் ஆனார்கள்.

அதற்கு முன் எப்படி வாழ்ந்தார்கள்? ஒரு துண்டு நிலத்தில் சில ஆண்டு பயிர் செய்துவிட்டு, அதைக் காட்டுக்கே விட்டுவிட்டு வேறிடம் போனார்கள். கேழ்வரகோடு அவரை, கடுகு, கீரை எல்லாம் கலந்தே விதைத்தார்கள். மழை பொய்த்து ஒன்று கருகினால் இன்னொன்று நிற்கும். எதுவுமே நிற்காத ஆண்டில் கிழங்கும் தேனும் நெல்லியும் இருந்தன. தகவமைப்பு என்ற சொல் பிறக்கும் முன்பே அதைச் செய்துகொண்டிருந்தவர்கள் இவர்கள்.

முக்கியமானது 'தரகு பெங்கி', அதாவது சருகுத் தீ. கோடை முற்றுவதற்கு முன்பே, தரையில் சருகு குறைவாக இருக்கும்போது, சிறு சிறு பகுதியாகத் தீ வைப்பார்கள். அது முழங்காலுக்கு மேல் எழும்பாது. பெரிய மரம் தப்பிவிடும், புதுப்புல் தளிர்க்கும். நெல்லி மரத்தை உறிஞ்சும் புல்லுருவியும், முளைவிடும் உண்ணிச்செடியும் மட்டுப்படும். பெருந்தீ வராமல் காத்தது இந்தச் சிறுதீதான்.

1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1974இல் மலை சரணாலயமானது. இடம் மாறிப் பயிர் செய்வது நின்றது, மக்கள் ஓரிடத்தில் குடியமர்த்தப்பட்டார்கள், தீ வைப்பது குற்றமானது. வெள்ளைக்காரன் அழகுக்காக அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த உண்ணிச்செடிக்கு இதைவிட நல்ல காலம் ஏது? புல் மறைந்தது, புதர் மண்டியது. 2000களின் நடுவில் தேனும் நெல்லியும் எடுத்து விற்பதற்கும் தடை போட்டார்கள். மழை தாறுமாறாகப் பெய்யத் தொடங்கிய காலத்தில், அதைத் தாங்க இவர்களிடம் இருந்த ஒவ்வொரு கருவியும் இப்படித்தான் போயிற்று.

தீயை நிறுத்தியதால்தான் உண்ணிச்செடி பெருகியது என்று சோலிகர் சொன்னபோது அதிகாரிகள் சிரித்தார்கள். ஏட்ரீ நிறுவன ஆய்வாளர்கள் அவர்களோடு சேர்ந்து ஆராய்ந்து 2012இல் ஆய்விதழில் எழுதிய பிறகே அது 'அறிவு' ஆனது. யார் வாயிலிருந்து வந்தால் அறிவு என்பது நமக்குப் பழகிய கேள்விதானே.

2011இல் மலை புலிகள் காப்பகமானது. அதே ஆண்டில், வன உரிமைச் சட்டம் 2006இன் கீழ், சோலிகர் கிராம சபைகள் சமூக வன உரிமையை வென்றன. புலிகள் காப்பகத்துக்குள் அந்த உரிமை கிடைத்தது நாட்டிலேயே அதுதான் முதல்முறை. காட்டைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு அதிகாரம் உண்டு என்று அந்தச் சட்டமே சொல்கிறது. தீயை மட்டும் இன்னும் திருப்பித் தரவில்லை. (காட்டில் வாழும் தலித்துகளுக்கு இதே சட்டத்தில் வேறு அளவுகோல்: 75 ஆண்டு, மூன்று தலைமுறை வாழ்ந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். பட்டாவே தரப்படாதவர்களிடம் காகிதம் கேட்கும் சட்டம்.)

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். உரிமை கிடைத்துவிட்டால் நாளைக்கே பழையபடி தீ வைத்துவிட முடியாது. ஆள் உயரத்துக்கு மண்டிய உண்ணிப் புதரில் இன்று தீ வைத்தால் அது மர உச்சி வரை ஏறும். முதலில் வெட்டி அகற்ற வேண்டும், பிறகுதான் சருகுத் தீ. எங்கே, எப்போது, எந்தக் காற்றில் என்பதெல்லாம் பெரியவர்களோடு போய்விடக்கூடிய அறிவு. தீயே வைக்காமல் வளர்ந்த ஒரு தலைமுறை அங்கே வந்துவிட்டது.

பிப்ரவரி 2019இல் பக்கத்துப் பந்திப்பூர் காடு ஆயிரக்கணக்கான ஏக்கர் எரிந்தது. கோடைதோறும் வனத்துறை தீத்தடுப்புக் காவலுக்குத் தினக்கூலி ஆள் எடுக்கிறது. அந்த வேலைக்கு வந்து நிற்பவர்களில் சோலிகர் பிள்ளைகளும் உண்டு.