காலனிச் சாலை எங்கே முடிகிறது? ஊராட்சி ஒப்பந்தங்களும் சாதியும்

உள்ளாட்சியில் பட்டியலின மக்களின் உரிமை குறித்துப் பேசும்போது நாம் பெரும்பாலும் நாற்காலியைப் பற்றியே பேசுகிறோம். தலைவர் தம் இருக்கையில் அமர விடப்பட்டாரா, கொடியேற்ற விடப்பட்டாரா என்னும் கேள்விகள் இன்றியமையாதவை. ஆனால் அந்த நாற்காலி ஏன் மறுக்கப்படுகிறது என்று கேட்டால் விடை பணத்தில் இருக்கிறது. சாலை எந்தத் தெருவில் போடப்படும், குடிநீர்க் குழாய் எதுவரை நீளும், கண்மாய் மீனும் புளியமரமும் யாருக்குக் குத்தகையாகும் என்பதில் அந்த நாற்காலிக்கு அதிகாரம் உண்டு. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் இருந்தவர்களும் 1997 சூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் 2006 வரை முறையான தேர்தல் நடத்த இயலவில்லை. இந்த வரலாற்றை வெறும் கௌரவச் சண்டையாகப் படித்தால், பொதுப் பணத்தின் மீதான பிடி கண்ணில் படாமல் போகும்.

அந்தப் பிடி இன்று பெரும்பாலும் ஒப்பந்தப்புள்ளிக் கோப்புகளின் வழியே இயங்குகிறது. தருமபுரி மாவட்டம் மொரப்பூர் ஊராட்சி ஒன்றியத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, கொள்முதலும் ஒப்பந்தமும் நடைபெறும் முறையையும், அதில் சாதி நுழையும் இடங்களையும், நம் கையிலுள்ள சட்டக் கருவிகளையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

சட்டத்தின் அடிப்படை

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998, அதன் கீழான 2000-ஆம் ஆண்டு விதிகள் ஆகியவை அரசுத் துறைகளைப் போலவே உள்ளாட்சி அமைப்புகளையும் கட்டுப்படுத்துகின்றன. ஒப்பந்தப்புள்ளி கோராமல் கொள்முதல் கூடாது என்பது பொதுவிதி. இயற்கைப் பேரிடர், ஒரே ஒருவரிடம் மட்டுமே கிடைக்கும் பொருள் போன்றவை விதிவிலக்குகள். ரூ.2 கோடி வரையிலான பணிக்குக் குறைந்தது 15 நாள்களும், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாள்களும் அவகாசம் தரப்பட வேண்டும். இந்த அவகாசத்தைக் குறைக்க வேண்டுமானால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். தகுதி பெற்றோரில் குறைந்த விலை கோரியவருக்கே பணி சேரும். ஊராட்சிப் பணிகளின் திட்டம், மதிப்பீடு, ஒப்பந்த நிபந்தனைகளுக்கென 2007-ஆம் ஆண்டின் தனி விதிகளும் உள்ளன.

ஒரு சாலையின் பயணம்

மொரப்பூர் ஒன்றியத்தின் ஒரு காலனியில் சிமெண்ட் சாலை போடப்படுவதாக வைத்துக்கொள்வோம். முதலில் கிராம சபையிலோ ஊராட்சி மன்றத்திலோ தீர்மானம் வேண்டும். பின்னர் ஒன்றியப் பொறியாளர் இடத்தை அளந்து மதிப்பீடு தயாரிக்கிறார். நிர்வாக அனுமதியும் தொழில்நுட்ப அனுமதியும் கிடைத்தபின் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு வெளியாகிறது. விலைகள் திறக்கப்பட்டு, ஒப்பீட்டுப் பட்டியல் எழுதப்பட்டு, பணி ஆணை வழங்கப்படுகிறது. வேலை முடிந்ததும் பொறியாளர் அளந்து, ‘எம் புக்’ எனப்படும் அளவீட்டுப் புத்தகத்தில் பதிகிறார். அந்தப் பதிவின் அடிப்படையில் பணம் வழங்கப்படுகிறது.

தெருவிளக்கு, பிளீச்சிங் பவுடர், மோட்டார் உதிரிபாகம், தூய்மைக் காவலர்களுக்கான கையுறை போன்ற சிறு கொள்முதல்கள் பெரும்பாலும் விலைப்புள்ளி பெற்று நடக்கின்றன. மூன்று கடைகளின் விலைப்புள்ளிகளையும் ஒரே கை எழுதுவது இங்கே எளிது. பெரிய பணியைச் சிறு துண்டுகளாக்கி ஒப்பந்தப்புள்ளி வரம்புக்குக் கீழே கொண்டுவருவதும் எளிது. கையுறை கொள்முதல் பட்டியலில் மட்டும் இருந்து தொழிலாளியின் கையில் இல்லாவிட்டால், அந்த இழப்பைச் சுமப்பவர் பெரும்பாலும் பட்டியலினத்தவரே.

சாதி நுழையும் இடங்கள்

சாதி மூன்று கட்டங்களில் நுழைகிறது. முதலாவது மதிப்பீடு. தருமபுரி மாவட்டத்தில் ஊரும் காலனியும் தனித்தனியே இருப்பதன் விலையை 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டாம்பட்டி மக்கள் கொடுத்தனர்; வீடுகளைக் கொளுத்தியவர்களுக்கு முகவரி தேட வேண்டியிருக்கவில்லை. அதே முகவரி அன்றாடப் பாகுபாட்டுக்கும் உதவுகிறது. ஒரு சாலை ‘எங்கிருந்து எங்குவரை’ என்று மதிப்பீட்டில் எழுதப்படும்போதே, அது காலனிக்குள் நுழையுமா, முகப்பிலேயே நிற்குமா என்பது முடிவாகிவிடும். குடிநீருக்கும் இதுவே பொருந்தும். ஃபுளூரைடு பாதித்த தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக, சப்பானியக் கடனுதவியுடன் சுமார் ரூ.1,928 கோடியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது. அத்தனை கோடிகளைக் கடந்து வரும் நீர் காலனியின் கடைசி வீட்டை அடையுமா என்பது உள்ளூர்க் குழாய்ப் பணியின் மதிப்பீட்டைப் பொறுத்தது.

இரண்டாவது கட்டம் தகுதி நிபந்தனை. ஒப்பந்ததாரராகப் பதிவு, சொத்து மதிப்புச் சான்று, முன் அனுபவம், பிணை வைப்புத் தொகை ஆகியவை காகிதத்தில் அனைவருக்கும் பொது. நிலமும் வங்கிக் கடனும் தலைமுறைகளாக மறுக்கப்பட்ட ஒருவரால் அவற்றைத் திரட்டுவது கடினம். பல சிறு பணிகளை ஒரே தொகுப்பாக்கினால் அவர் போட்டியிலிருந்தே வெளியேறுகிறார். இத்தனையையும் தாண்டி விண்ணப்பிப்பவர், “இந்த வேலை ஏற்கெனவே பேசி முடிந்தது” என்னும் மிரட்டலைச் சந்திக்க நேரிடுகிறது.

மூன்றாவது கட்டம் பணம் வழங்கல். 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி கிராம ஊராட்சியின் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து ஒப்பமிட வேண்டும். முறைகேட்டைத் தடுக்கும் நோக்கம் கொண்ட இந்த ஏற்பாடு, தனி ஊராட்சிகளில் வேறொரு பயனைத் தருகிறது. பட்டியலினத் தலைவர் தங்கள் சொல்படி நடக்காவிட்டால், ஆதிக்கச் சாதித் துணைத் தலைவர் ஒப்பமிட மறுத்தே ஊராட்சியை முடக்கிவிடலாம்.

ஒதுக்கீடு கேட்பது சலுகையா?

குறைந்த விலை என்னும் ஒற்றை அளவுகோல் போட்டிக்கு வந்தவர்களை மட்டுமே ஒப்பிடும். வர முடியாமல் போனவர்களை அது காண்பதில்லை. கர்நாடகம் இதை உணர்ந்து தன் வெளிப்படைக் கொள்முதல் சட்டத்தைத் திருத்தியது. ரூ.50 லட்சம் வரையிலான அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 17.15 விழுக்காடும், பழங்குடியினருக்கு 6.95 விழுக்காடும் ஒதுக்கியது. 2023-இல் அந்த உச்சவரம்பை ரூ.1 கோடியாக உயர்த்தியது. ஒன்றிய அரசின் 2012-ஆம் ஆண்டுக் கொள்முதல் ஆணை, பட்டியலினத்தவரின் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து 4 விழுக்காடு வாங்க வேண்டும் என்கிறது. ஆனால் அது ஒன்றிய அமைச்சகங்களையும் பொதுத்துறை நிறுவனங்களையும் மட்டுமே கட்டுப்படுத்தும். தமிழ்நாட்டின் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கர்நாடகத்தைப் போன்ற ஒதுக்கீடு இடம்பெறவில்லை. சமூகநீதியைப் பெருமிதமாகச் சொல்லும் மாநிலத்திடம் இத்திருத்தத்தைக் கேட்பது நம் உரிமை.

இப்போதே நம் கையில் உள்ளவை

திருத்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 2(ஜே) ஆவண நகல்களைப் பெறும் உரிமையோடு நிற்பதில்லை. பணிகளைப் பார்வையிடவும், பயன்படுத்திய பொருள்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரிகளைப் பெறவும் வழி செய்கிறது. ஒரு பணிக்கு நாம் கேட்க வேண்டியவை ஐந்து: மன்றத் தீர்மானம், வரைபடத்துடன் கூடிய மதிப்பீடு, ஒப்பீட்டுப் பட்டியல், பணி ஆணை, அளவீட்டுப் புத்தகப் பக்கங்கள். மதிப்பீட்டின் நீளத்தையும் அளவீட்டுப் புத்தகத்தின் நீளத்தையும் தரையில் உள்ள நீளத்தோடு நாடா பிடித்து ஒப்பிடுங்கள். முப்பது நாள்களில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.

ஒப்பந்தப்புள்ளி அளித்துப் பாதிக்கப்பட்டவர், ஏற்பு ஆணை கிடைத்த 10 நாள்களுக்குள் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 11-இன்படி அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். பட்டியலின ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ, அச்சமூகத்தைச் சாராதவர் மிரட்டி அல்லது தடுத்து அவரது கடமையைச் செய்யவிடாமல் செய்தால், அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)-இன்கீழ் குற்றம். தொழில் செய்யவிடாமல் தடுப்பதையும், பொருளாதாரப் புறக்கணிப்பையும் 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் குற்றமாக்கியுள்ளது. ஒப்பந்தப்புள்ளிப் பெட்டியின் அருகே நடக்கும் மிரட்டலையும் இக்கண்ணோட்டத்தில் புகாராக எழுதப் பழக வேண்டும்.

நீதிமன்றத்தை நாடுவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். டாடா செல்லுலார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994-இல் வகுத்த நெறியின்படி, நீதிமன்றம் ஆராய்வது முடிவெடுத்த முறையையே. எந்த ஒப்பந்ததாரர் சிறந்தவர் என்பதை அது தீர்மானிப்பதில்லை. ஆகவே தேதியிட்ட ஆவணங்கள் இல்லாத மனு நிற்காது.

தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களில் 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 சனவரி 5 அன்று முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் சென்றது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில் மக்கள் நேரடியாகக் கேள்வி கேட்கும் இடம் கிராம சபை மட்டுமே. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் அது கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்கு மதிப்பீட்டு நகலை எடுத்துச் செல்வோம். காலனியின் கடைசி வீடு அதில் இருக்கிறதா என்று கேட்போம். இல்லையென்றால், சேர்க்கக் கோரும் தீர்மானத்தை அங்கேயே எழுதச் செய்து, நகல் பெற்ற பிறகே கலைவோம்.