கொட்டியாரக் குடாவின் அக்கரை

ஒரு மாவட்டத்துக்கு எத்தனை மருத்துவமாதர் வேண்டும் என்று கணக்கிடுவது எளிது போலத் தோன்றும். மக்கள் தொகையை 3000ஆல் வகுத்துவிடலாம். இலங்கைச் சுகாதாரத் துறை நெடுங்காலமாகக் கைக்கொண்டு வரும் அளவு ஏறத்தாழ அதுவே. ஆனால் திருகோணமலை மாவட்டத்தின் படத்தை விரித்துப் பார்க்கும் நேயர்கள், அந்த வகுத்தலில் விடுபட்டுப்போன ஒன்றைக் காண்பார்கள். அதுதான் தண்ணீர்.

இந்த ஏற்பாடு பிறந்த இடம் களுத்துறை. 1926ஆம் ஆண்டில், அமெரிக்க ராக்பெல்லர் அறநிலையத்தின் துணையுடன், நாட்டின் முதலாவது சுகாதாரப் பகுதி அங்கே அமைந்தது. கர்ப்பிணி ஆஸ்பத்திரியைத் தேடி வரும்வரை காத்திராமல், மருத்துவமாது அவள் வீட்டைத் தேடிச் செல்ல வேண்டும் என்பது அதன் கொள்கை. 1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோன பின்னர், இச்சேவை கிராமந்தோறும் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1930களில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 2000க்கு மேற்பட்ட தாய்மாரை இழந்த நாடு, அரை நூற்றாண்டில் அத்தொகையை 100க்குக் கீழே இறக்கியது. அப்பெருமையில் பெரும்பங்கு இந்த மருத்துவமாதருக்கே உரியது.

எனினும், களுத்துறைக்குப் பொருந்திய கணக்கு கொட்டியாரக் குடாவுக்குப் பொருந்துமா? திருகோணமலைப் பட்டினம் கடற்படையை அண்டி வளர்ந்தது. 1957இல் ஆங்கிலேயர் தளத்தை ஒப்படைத்துச் சென்ற பின்னரும் பெரிய ஆஸ்பத்திரி பட்டினத்தில்தான் இருந்தது. மூதூரோ குடாவுக்கு அப்பால். வெருகலும் ஈச்சிலம்பற்றும் அதற்கும் தெற்கே. மூதூரார் லாஞ்சில் குடாவைக் கடந்தனர். தரைவழியே வந்தோர் மகாவலியின் கிளைகளைப் ‘பாதை’யில் கடந்தனர். பாதை என்றால் கிழக்கிலங்கை வழக்கில் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றும் மிதவை. தெருவே மிதந்து செல்கிறது என்று எண்ணினார்கள் போலும்! காற்று எழுந்தால் லாஞ்சு நிற்கும். பிரசவ வேதனை காற்றுக்காக நிற்பதில்லை.

பட்டினத்து மருத்துவமாது ஒரு காலைப் பொழுதில் பார்த்து முடிக்கும் வீடுகளை, வெருகலில் இருப்பவள் ஒரு நாள் முழுவதும் நடந்தாலும் முடிக்க மாட்டாள். ஆயினும் ஏட்டில் இருவருக்கும் 3000 பேர்தான். இத்தகைய இடத்துக்கு நியமனம் பெற்றவர் மாற்றம் கேட்டால் அவரைக் குறை கூறுவது எங்ஙனம்? போர் நடந்த ஆண்டுகளிலோ வடக்கிலும் கிழக்கிலும் பல பதவிகள் வெற்றிடமாகவே கிடந்தன.

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. மூதூர்ச் சாலையிலும் பாலங்கள் எழுந்தன. அதனால் தண்ணீர்த் தொல்லை தீர்ந்ததென்று கருதியவர்களும் உண்டு. 2021 நவம்பர் 23ஆம் திகதி, குறிஞ்சாக்கேணியில் பாலவேலை நடந்துகொண்டிருக்கையில், அதற்கு மாற்றாக ஓடிய மிதப்புப் பாதை கவிழ்ந்து பள்ளிச் சிறார் உட்படப் பலர் மாண்டனர்.

தலைகளை எண்ணுவதை விட்டு, ஒருத்தி ஒரு நாளில் சென்று திரும்பக்கூடிய வீடுகளை எண்ணிப் பங்கிடுவதே முறை என்பது என் துணிபு. அவ்வாறு எண்ணினால் வெருகலுக்கு இன்னொருத்தி வேண்டியிருக்கும். அவளும் அக்கரையிலேயே பிறந்து வளர்ந்தவளாய் இருந்தால், மாற்றம் கேட்டு எழுதும் கடிதம் அவ்வளவு விரைவில் வராது.