டச்சுச் சந்தையில் வாங்கிய டிஃபெண்டர்கள்

நெதர்லாந்தின் கால்பந்து கிளப்களுக்கு விற்பதுதான் பிழைப்பு. நாடு சின்னது, தொலைக்காட்சி வருமானம் இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் சில்லறைக் காசு. 1995 டிசம்பரில் போஸ்மன் தீர்ப்பு வந்து, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரைக் கிளப் பிடித்து வைக்க முடியாது என்று ஆனது. அதே ஆண்டு ஐரோப்பிய சாம்பியனாக இருந்த அயாக்ஸ் அணி சில வருடங்களிலேயே சிதறிப்போனது. அதற்கப்புறம் அயாக்ஸ், பிஎஸ்வி, ஃபெயனூர்ட் எல்லாமே ஒரு வகையில் நாற்றங்கால்கள்தான். பயிர் நன்றாக வந்தால் பிடுங்கி வேறு வயலில் நட்டுவிடுவார்கள்.

வாங்குகிற ஊரின் ரசிகர்களுக்கோ ஒரே கேள்வி: அங்கே ஆடினவன் இங்கே ஆடுவானா? ஸ்ட்ரைக்கர்கள் விஷயத்தில் இந்தப் பயத்துக்கு நியாயம் இருந்தது. பிஎஸ்வியில் கோல்களாக அடித்துக் குவித்த கெஸ்மான் 2004இல் செல்சிக்கு வந்து ஒரு முழு சீசனில் லீக்கில் நான்கே கோல் அடித்தார். அதே பிஎஸ்வியிலிருந்து வந்த வான் நிஸ்டல்ரூய் மான்செஸ்டர் யுனைடெடில் கொட்டித் தீர்த்தார். ஆனாலும் ஸ்ட்ரைக்கரைக் கோலை எண்ணியாவது அளக்கலாம். டிஃபெண்டரை எதை வைத்து அளப்பது?

1998ஐ எடுத்துக்கொள்வோம். அந்த சீசனில் ஆர்சனலிடம் பட்டத்தைப் பறிகொடுத்த மான்செஸ்டர் யுனைடெட், பல வருடம் பின்வரிசையைக் காத்த பாலிஸ்டரை மிடில்ஸ்பரோவுக்கு அனுப்பிவிட்டு, பிஎஸ்வியிலிருந்து யாப் ஸ்டாமை வாங்கியது. விலை 1 கோடியே 6 லட்சம் பவுண்டுக்கும் மேல். ஒரு டிஃபெண்டருக்கு அதுவரை உலகில் யாரும் கொடுக்காத தொகை. ஸ்டாமுக்கு வயது 26. காம்பன் என்ற சின்ன ஊர்க்காரர். ஸ்வோலே, கம்பூர், வில்லெம் II என்று சிறிய கிளப்களாக ஏறிவந்து 24 வயதில்தான் பிஎஸ்வி சேர்ந்தார். பதினெட்டு வயதில் பேர் வாங்கிய பையன் இல்லை. யூடியூப் கிடையாது, புள்ளிவிவர இணையதளம் கிடையாது. ரசிகர்களுக்குக் கிடைத்ததெல்லாம் செய்தித்தாள், அந்தக் கோடையின் உலகக்கோப்பை, பிறகு அந்த விலை. அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 9, வெம்ப்ளி. சாரிட்டி ஷீல்டு ஆட்டத்தில் ஆர்சனல் 3-0 என்று ஜெயித்தது. 19 வயது அனெல்கா ஸ்டாமைச் சுற்றிச் சுற்றி ஓடினார். 'இவனுக்கா இத்தனை பணம்?' என்ற பேச்சு அன்றைக்கே கிளம்பிவிட்டது. பிறகு நடந்தது தெரிந்ததே. 1999 மே 26ஆம் தேதி பார்சிலோனாவில் பயர்ன் மியூனிக்கை 2-1 என்று வென்று மூன்று கோப்பைகளையும் ஒரே சீசனில் எடுத்த அணியின் நடுத்தூண் ஸ்டாம்தான். இங்கிலாந்தில் அவர் ஆடிய மூன்று முழு சீசனிலும் லீக் பட்டம் யுனைடெடுக்கே.

இருபத்து நான்கு வருடம் கழித்து அதே கிளப், அதே ஆகஸ்ட். இந்த முறை அயாக்ஸிலிருந்து அர்ஜென்டினாவின் லிசாண்ட்ரோ மார்ட்டினெஸ். கூடுதல் தொகையைச் சேர்க்காமலே 5 கோடியே 70 லட்சம் யூரோவுக்கு மேல். இப்போது ரசிகர் கையில் எல்லாம் இருக்கிறது: ஒவ்வொரு பாஸும், ஒவ்வொரு டாக்கிளும், ஒவ்வொரு ஹெட்டரும் அட்டவணையாக. ஆனால் எல்லோரும் பிடித்துக்கொண்டது ஒரே எண்ணை: 175 சென்டிமீட்டர். சென்டர் பேக் ஆடுகிறவனுக்கு அது போதுமா? போதாக்குறைக்கு, புது மேலாளர் எரிக் டென் ஹாக் அயாக்ஸிலிருந்து வந்தவர். தன் பழைய பையனைத் தூக்கிவருகிறார் என்ற முணுமுணுப்பு வேறு.

முதல் ஆட்டம், சொந்த மைதானம், பிரைட்டனிடம் 2-1 தோல்வி. அடுத்தது பிரென்ட்ஃபோர்டில் 4-0, நான்கு கோலும் முதல் 35 நிமிடத்துக்குள். மூன்றாவது கோல் கார்னரில் வந்தது, பக்கத்தில் நின்றவர் மார்ட்டினெஸ். இடைவேளையில் அவரை வெளியே எடுத்தார்கள். முன்னாள் லிவர்பூல் டிஃபெண்டர் ஜேமி காரகர் தொலைக்காட்சியில், இந்த உயரத்தை வைத்துக்கொண்டு இங்கிலாந்தில் சென்டர் பேக் ஆட முடியாது என்ற பொருளில் தீர்ப்பே சொல்லிவிட்டார். முதல் இரண்டு கோலும் கோல்கீப்பர் டெ ஹேயாவின் கையிலும் காலிலும் ஆரம்பித்தவை என்பதைப் பேச ஆள் இல்லை.

ஒன்பது நாள் கழித்து லிவர்பூலுக்கு எதிராக யுனைடெட் 2-1 என்று வென்றது. சொந்த அணிக்காரர் காலிலிருந்து கோலை நோக்கிப் போன ஒரு பந்தைக் கோட்டருகே நின்று தடுத்தவர் மார்ட்டினெஸ். சில வாரங்களில் அவர் ஒவ்வொரு முறை எதிராளியை முட்டும்போதும் ஓல்ட் டிராஃபோர்டில் 'அர்ஜென்டினா' என்று முழக்கம். டிசம்பரில் உலகக்கோப்பை வென்ற அணியில் இருந்தார். தான் சொன்னது தப்பு என்று காரகரும் பின்னால் ஒப்புக்கொண்டார்.

இந்தக் கதையை 'ரசிகர்களுக்கு ஒன்றும் தெரியாது' என்று முடித்துவிடலாம்தான். ஆனால் அது நியாயமில்லை. அவர்கள் கேட்ட கேள்வி சரியானது, அளக்க எடுத்த கோல்தான் தப்பு. டச்சு லீக்கில் 18 அணிகள், 34 ஆட்டங்கள். அயாக்ஸ் மாதிரி அணி பெரும்பாலான ஆட்டங்களில் பந்தைத் தானே வைத்திருக்கும். அதன் சென்டர் பேக் பாதி நேரம் நடுக்கோட்டருகே நின்று பாஸ் கொடுத்துக்கொண்டிருப்பார். தனக்குப் பின்னால் நாற்பது கெஜம் காலி நிலம். அங்கே அவருக்கு நடக்கிற பரீட்சை ஓட்டமும் பாஸும் முன்கூட்டிக் கணிப்பதும். தன் பெட்டிக்குள் உயரப் பந்து பத்து வந்து விழுவதெல்லாம் அபூர்வம். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், லோட் டெஸ்ட் பண்ணாத சர்வர். அது பழுதான சர்வர் என்று அர்த்தமில்லை, கூட்டம் வந்தால் தாங்குமா என்பது எந்த லாகிலும் எழுதியிருக்காது, அவ்வளவே. டாக்கிள் எண்ணிக்கையை அப்படியே பார்த்தால் இப்படிப்பட்டவர் சோம்பேறி மாதிரி தெரிவார். பந்து யாரிடம் எவ்வளவு நேரம் இருந்தது என்பதை வைத்துத் திருத்திய கணக்கு வந்ததே இதனால்தான். அந்தத் திருத்தமும் ஒரு ஊகம் என்பது என் அபிப்பிராயம்.

எல்லா அளவுகோலிலும் தேறியவரின் கதை இன்னொன்று இருக்கிறது. என்னை அதிகம் யோசிக்கவைத்ததும் அதுதான். கொலம்பியாவின் டாவின்சன் சான்செஸ். உயரம், வேகம், உடம்பு எதிலும் குறை சொல்ல முடியாது. 2016இல் அத்லெத்திகோ நசியோனலோடு தென் அமெரிக்காவின் லிபர்ட்டடோரஸ் கோப்பை வென்றார். அயாக்ஸில் ஒரே ஒரு சீசன், அதில் யூரோப்பா லீக் இறுதியாட்டம். 2017 ஆகஸ்டில் டாட்டன்ஹாம் தன் வரலாற்றிலேயே அதிக விலை கொடுத்து வாங்கியது. முதல் சீசன் பிரமாதம். ஆனால் பக்கத்தில் யார் நின்றார்கள் என்று பார்க்கவேண்டும்: ஐந்து வருடம் முன்பே அயாக்ஸிலிருந்து வந்து இங்கிலாந்தில் பழகிப்போன வெர்டோங்கன். அந்தத் துணை போனபிறகு, மேலாளர்கள் வரிசையாக மாற மாற, சான்செஸ் தடுமாறினார். 2023 ஏப்ரலில் போர்ன்மத்துக்கு எதிராகப் பாதியில் உள்ளே வந்தவரை, சொந்த ரசிகர்களே கூச்சலிட்டு எள்ளினார்கள். கொஞ்ச நேரத்தில் மேலாளர் அவரைத் திரும்ப வெளியே எடுத்தார். டாட்டன்ஹாம் 3-2 என்று தோற்றது. நான்கு வருடம் ஆடின மைதானம். அந்த சீசன் முடிந்ததும் துருக்கிக்குப் போய்விட்டார். மதிப்பீடு என்பது ஆட்டக்காரனுக்கு வெளியே நிற்கிற வெறும் கருத்து இல்லை. அது காலில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

யாருமே பெரிதாக மதிப்பிடாதவர் ஒருவரும் உண்டு. வர்ஜில் வான் டைக், குரோனிங்கனில் இருந்தவர். நாட்டின் பெரிய கிளப்கள் கைநீட்டவில்லை. 2013இல் ஸ்காட்லாந்தின் செல்டிக் 26 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அங்கேயும் 'எளிய லீக்' என்ற அதே சந்தேகம். இரண்டு வருடத்தில் சவுத்தாம்ப்டனுக்கு எடுத்தவர் ரொனால்ட் கூமான், தானே பழைய டச்சு டிஃபெண்டர். 2018 ஜனவரியில் லிவர்பூல் கொடுத்தது 7 கோடியே 50 லட்சம் பவுண்டு. ஸ்டாமைப் போல இவரும் அன்றைக்கு உலகின் விலை உயர்ந்த டிஃபெண்டர். படிப்படியாக ஏறி வந்தவர்களிடம் ஏதோ இருக்கிறது என்று நினைக்கத் தோன்றுகிறது. ஆனால் மூன்று நான்கு பேரை வைத்து விதி எழுதக்கூடாது.

ஸ்டாமின் கதைக்கு ஒரு வால் உண்டு. ரசிகர்கள் ஆகஸ்டில் தப்புக் கணக்குப் போட்டார்கள் என்றால், கிளப்பே 2001 ஆகஸ்டில் போட்டது. சுயசரிதை வெளியாகிப் பரபரப்பான சமயம், காயத்திலிருந்து வேறு மீண்டிருந்தார். வேகம் குறைந்துவிட்டது என்று எண்ணி லாட்சியோவுக்கு விற்றார்கள், வாங்கியதைவிட அதிக விலைக்கு. அவர் இடத்துக்கு வந்தவர் 35 வயது லோரான் பிளாங்க். அந்த சீசனில் பட்டம் ஆர்சனலுக்குப் போனது. ஸ்டாமை விற்றது தவறு என்று ஃபெர்குசன் பிற்பாடு சொன்னார். ஸ்டாமோ 2005இல் ஏசி மிலானுக்காக இன்னொரு சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் ஆடினார்.

2023இல் ஆர்சனல் அயாக்ஸிலிருந்து யூரியன் டிம்பரை வாங்கியபோதும் உயரப் பேச்சு வந்தது. 179 சென்டிமீட்டர். ஆகஸ்ட் 12, நாட்டிங்ஹம் ஃபாரஸ்டுக்கு எதிராக முதல் லீக் ஆட்டம். இரண்டாம் பாதி தொடங்கிய சில நிமிடங்களில் முழங்கால் போய் வெளியேறினார். அடுத்து ரசிகர்கள் அவரை லீக் ஆட்டத்தில் பார்த்தது 2024 மே 19, எவர்டனுக்கு எதிராக, சீசனின் கடைசி நாளில், மாற்று ஆட்டக்காரராக.